இல்லாத நாற்பத்தொரு கிட்டார்கள்

தென்கரைப்பேட்டையில் கிட்டார் கிடைக்காமல் போன வருஷம், அது கிடைக்காமல் போவதற்கு முந்தின நாள் வரை அந்த ஊரில் ஒருத்தருக்கும் கிட்டார் வேண்டியிருக்கவில்லை. ஆசீர் மியூசிக்கல்ஸின் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் பத்தொன்பது வருஷமாக ஒரே முக்காலியில் உட்கார்ந்திருந்த ரூபாவதிக்கு இது நன்றாகத் தெரியும். சுவரில் தொங்கிய மரக் கிட்டார்களை, கரண்ட் இல்லாமல் வாசிக்கிற அந்த அக்கூஸ்டிக் வகையை, வாரத்துக்கு ஒரு தடவை தூசி தட்டுகிற ஒரே ஜீவன் அவள்தான். வருகிறவர்கள் ஆண்டுவிழாவுக்குச் சலங்கையும், பஜனைக்கு ஜால்ராவும் வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் ஒரு கம்பியை விரலால் சுண்டிவிட்டு, அது டொய்ங் என்றதும் எதையோ சாதித்துவிட்ட முகத்தோடு படி இறங்கிப் போவார்கள். அப்புறம் ஒரு திங்கட்கிழமை பேப்பரின் ஏழாம் பக்கத்தில், கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே நிற்கின்றன, மரம் வரவில்லை, கம்பி வரவில்லை, கடைகளில் கிட்டார் இல்லை என்று நாலே வரி வந்தது. காலை பத்தரை மணிக்குள் கடை வாசலில் பதினேழு பேர் நின்றார்கள்.

தொங்கிய மூன்றும் அன்றைக்கே போயின. மாடி குடோனில் அட்டைப்பெட்டிகளில் இன்னும் நாற்பத்தொன்று இருந்தன. முதலாளி ஆசீர் அவளை உள்ளே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இனிமே யாரு கேட்டாலும் இல்லைன்னு சொல்லு. பேரையும் அட்ரஸையும் மட்டும் எழுதி வை. கிராக்கி ஏறட்டும்."

"சரி முதலாளி" என்றாள். ஊரைப் போலவே அவரையும் அவளுக்குப் பிடிக்காது. ஆனால் இல்லை என்று சொல்வது அவளுக்குப் பிடித்திருந்தது. துணிக்கடைக்காரர் சம்சாரத்திடம் ஒரு மாதிரி இல்லை என்றாள், பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற பையனிடம் கம்ப்யூட்டரைப் பார்ப்பதுபோல் நோட்டைப் பார்த்துவிட்டு இல்லை என்றாள், பள்ளிக்கூடத் தாளாளர் ராஜரத்தினம் கார் கண்ணாடியை இறக்கிக் கேட்டபோது எழுந்துகூட நிற்காமல் இல்லை என்றாள்; சொல்லச் சொல்ல அவர்கள் முகத்தில் ஆசை பெருகுவதையும், நேற்றுவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாதவர்கள் கிட்டார் இல்லாமல் தங்கள் வாழ்க்கையே அரைகுறையாக நிற்பதுபோல் பேசுவதையும் பார்த்துப் பார்த்து, அவளுக்குள் ஊர் மேல் இருந்த இளக்காரம் நன்றாகத் தின்று கொழுத்தது. நாற்பத்தொரு பேரை எழுதினாள். அதற்கு மேல் எழுதவில்லை. நோட்டில் பக்கம் தீர்ந்துவிட்டது.

அந்த நாற்பத்தொரு பேரில் முத்துக்குட்டி இல்லை. பஸ் டிப்போவில் மெக்கானிக். காக்கிச் சட்டை, நகக்கண்ணில் கிரீஸ். கடைக்கு மூன்று தடவை வந்தார். முதல் தடவை அவர் கையைப் பார்த்துவிட்டு, நின்ற இடத்திலேயே இருக்கட்டும் என்று தூரத்திலிருந்தே இல்லை என்றாள். இரண்டாவது தடவை தலையை மட்டும் ஆட்டினாள். மூன்றாவது தடவை, "உங்களுக்கு எதுக்கு கிட்டார்?" என்று கேட்டாள். அவர் சட்டைப் பொத்தானைத் தொட்டுக்கொண்டு, "வீட்டுல ஒண்ணு இருந்துச்சு மேடம், மழைத்தண்ணி எறங்கி பசை விட்டுப்போச்சு. வீட்டுக்காரிக்கு..." என்று ஆரம்பித்தபோது அடுத்த ஆள் படியேறி வந்தான். அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இது வாங்குகிற முகம் இல்லை என்று அவள் தீர்மானித்திருந்தாள்.

கார்த்திகை மாதம் ஒரு புதன்கிழமை பகல் பதினோரு மணிக்கு, மாடி குடோனின் பூட்டு கழன்று விழுந்தது. கிட்டார்கள் இறங்கி வந்தன. காஸ் சிலிண்டரைச் சாய்த்து உருட்டிக்கொண்டு போவார்களே, அதுபோல இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு என்று அடிப்பாகத்தில் ஊன்றி ஊன்றி, ஒன்றன்பின் ஒன்றாகப் படியிறங்கி, குறுக்கே கையை விரித்து நின்ற ஆசீரைத் தூணைச் சுற்றுவதுபோல் சுற்றிக்கொண்டு, கடையைத் தாண்டி பஜாரில் இறங்கின. போக்குவரத்துப் போலீஸ்காரர் விசிலடித்துத் திருச்செந்தூர் பஸ்ஸை நிறுத்தி வழிவிட்டார். பூக்கடைக்காரி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவள், மரம் நனைந்துவிடும் என்று கையை இழுத்துக்கொண்டாள். தேரடி முக்கில் வரிசை பிரிந்தது. நோட்டில் யார் யார் பேர் இருந்ததோ அவரவர் வீட்டு வாசலில் போய் ஒவ்வொன்றாக நின்று, கதவைத் திறந்ததும் உள்ளே போய், கூடத்தில் எது நல்ல நாற்காலியோ அதில் ஏறி உட்கார்ந்துகொண்டன.

ஆசீர் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார். இன்ஸ்பெக்டர் வீட்டுக்கும் ஒன்று போயிருந்தது.

"என்ன காணாமப் போச்சுன்னு எழுதச் சொல்லுதீங்க அண்ணாச்சி?"

"நாப்பத்தொரு கிட்டார் சார்."

"கிட்டார் ஸ்டாக் இல்லைன்னு கடையில போர்டு மாட்டுனது யாரு?"

"நான்தான் சார்."

"பெறகு இல்லாத சரக்கு எப்படிக் காணாமப் போகும்? போங்க, போய் வேலையைப் பாருங்க."

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தை ரூபாவதி முக்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டார்கள் எப்படி வந்தன என்று ஒரு நாள் பேசினார்கள், யார் வீட்டுக்கு வந்தது பெரியது என்று ஒரு மாதம் பேசினார்கள். வந்தவை எதுவும் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, ஊருக்குப் புதிதாய் வந்த சம்பந்திபோல் பொறுமையாகக் காத்திருந்தன, அவ்வளவுதான். யாராவது எடுத்து வாசிப்பார்கள் என்று காத்திருக்கின்றன என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அதனாலேயே ஒருவரும் கைவைக்கவில்லை. பரணில் தூக்கிப் போட்டவர்கள் வீட்டில் அது இறங்கி வந்து மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்தது. காபி வைத்தார்கள், ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்துவிட்டு, எங்க வீட்டுக் கிட்டார் காபியே தொடாது, அவ்வளவு அடக்கம் என்று அடுத்த வீட்டில் சொன்னார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் மாப்பிள்ளை வீட்டில் கிட்டார் உண்டா என்று முதலில் விசாரித்தார்கள். கிட்டார் வராத தெருக்காரர்கள், வந்த தெருவுக்கு மட்டும் நகராட்சி தண்ணீர் கூடுதலாக விடுகிறது என்று மனு கொடுத்தார்கள். தாலுகா ஆபீஸ் ரோட்டில் ஒருவன் கிட்டார் வகுப்பு ஆரம்பித்தான். அதில் கிட்டாருக்குப் பக்கத்தில் எப்படி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வது என்று சொல்லித்தந்தார்கள், கூட்டம் சமாளிக்க முடியவில்லை. பெங்களூர் கம்பெனிப் பையன் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து அரை மணி நேரம் கம்பியை அழுத்திப் பார்த்தான். விரல் நுனி சிவந்துவிட்டது. அன்றிலிருந்து நாலு விரலிலும் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, யார் வந்தாலும் கையை விரித்துக் காட்டி, கலைக்காகப் பட்ட கஷ்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

'தூ' என்று நினைத்துக்கொண்டாள் ரூபாவதி. வியாபாரம் இல்லாத கடையில் அவளுக்கு அதைத் தவிர வேறு வேலையும் இல்லை.

முத்துக்குட்டி நாலாவது தடவையாக வந்தது மார்கழி பாதியில். இந்தத் தடவை அவர் படியேறவில்லை. கீழே நின்றுகொண்டே கேட்டார்.

"மேடம், எங்க வீட்டுக்கு மட்டும் இன்னும் வரல. டிப்போ குவார்ட்டர்ஸ்ல நம்பர் போட்டிருக்க மாட்டாங்க, எல்லா வீடும் ஒண்ணு போலதான் இருக்கும். வழி தெரியாம எங்கயாச்சும் நிக்கோ என்னமோன்னு நானும் டெய்லி ரோட்டுல போய் நின்னு பாக்கேன். அட்ரஸ் சரியாத்தான் எழுதியிருக்கீங்களான்னு ஒரு தடவை பாத்துச் சொன்னா..."

அவள் நோட்டைப் பிரித்தாள். இல்லாத பேரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரல் வைத்துத் தேடினாள், அவர் பார்த்துக்கொண்டிருந்ததால்.

"வீட்டுக்காரிக்குன்னு அன்னைக்கு ஏதோ சொல்ல வந்தீங்க" என்றாள், தலை நிமிராமல்.

அவர் சொன்னார். போன வருஷம் மனைவி செண்பகவல்லிக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு வந்துவிட்டது, பேச்சு வரவில்லை. நினைப்பதெல்லாம் உள்ளே இருக்கிறது, வாய் திறந்தால் ஒரு சத்தம் மட்டும் வருகிறது. சின்ன வயசில் அவர் கல்யாண வீடுகளில் மெல்லிசைக் குழுவோடு வாசித்த பழைய கிட்டார் ஒன்று வீட்டில் கிடந்தது. ஒருநாள் பொழுது போகாமல் அதை எடுத்து மீட்டினார். கட்டிலிலிருந்து அவள் தண்ணி என்றாள். பேசவில்லை, பாடினாள். மெட்டுப் போட்டால் வார்த்தை வருகிறது, மெட்டு நின்றால் வார்த்தையும் நின்றுவிடுகிறது. வாயால் பாடிக் காட்டினால் வரவில்லை, செல்போனில் பாட்டுப் போட்டால் வரவில்லை. கம்பி அதிர்ந்தால்தான் வருகிறது. ஆறு மாதம் அப்படிக் குடும்பம் நடத்தினார்கள். காலையில் கிட்டாரை எடுத்தால், என்ன குழம்பு, எந்தச் சேலை, கரண்ட் பில் கட்டியாச்சா என்று எல்லாம் பாட்டாகப் போகும். ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி, கிட்டார் பிளந்துபோனது.

"ஒட்டிப் பாத்தேன் மேடம். எஞ்சின் ஒட்டுத மாதிரி இல்ல அது." அவர் கிரீஸ் நகத்தைப் பார்த்துக்கொண்டார். "ரெண்டு மாசமாச்சு. என்னையே பாத்துக்கிட்டு இருக்கா."

"நான் பாக்குதேன், நீங்க போங்க" என்றாள் ரூபாவதி. அவர் போனதும் நோட்டின் பின்னட்டையில் அவர் பேரையும், டிப்போ குவார்ட்டர்ஸ், கிழக்கு வரிசை, மூன்றாவது வீடு என்பதையும் பெரிய எழுத்தில் எழுதினாள். இரண்டு நாள் காத்திருந்தாள். ஒரு கிட்டாரும் அசையவில்லை. கிட்டார்களையும் அவள் ஒரு நிமிஷம் திட்டினாள். பிறகு கடையைப் பாதிநாள் அடைத்துவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இது சுலபமான வேலை என்றுதான் நினைத்தாள். நாற்பத்தொரு வீட்டில் ஒரு வீட்டுக்குக்கூடக் கிட்டார் வேண்டாம்.

துணிக்கடைக்காரர் சம்சாரம் பங்கஜவல்லி வாசலிலேயே புலம்ப ஆரம்பித்துவிட்டாள். "நல்ல சோபாவை அதுக்கு விட்டுட்டு நாங்க தரையில உக்காந்து டிவி பாக்கோம். வந்து ஒண்ணரை மாசமா எங்க மாமியாரு மாதிரி மொறைச்சுக்கிட்டு இருக்கு. என்னைக்குத் தொலையுமோ தெரியல."

"அப்ப அதை எங்கிட்ட குடுங்கம்மா. நோயாளி ஒருத்தங்களுக்கு வேணும்."

பங்கஜவல்லி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அது எப்படிக் குடுக்க முடியும்? எங்களைத் தேடில்லா வந்திருக்கு!"

இரண்டாவது வீடும் அதையே சொன்னது, பதினாறாவது வீடும் அதையே சொன்னது. பெங்களூர் கம்பெனிப் பையன் பிளாஸ்திரி விரல்களை நெஞ்சில் வைத்து, தனக்கும் கிட்டாருக்கும் நடுவில் ஒரு உறவு உண்டாகிவிட்டது என்றான். இன்ஸ்பெக்டர் மனைவி, டிரான்ஸ்பர் ஆனால் யோசிக்கலாம் என்றாள். ஒரு வீட்டில் கிட்டாரைப் பழைய போர்வை போட்டு மூடி, மேலே துணி காயப்போட்டிருந்தார்கள், அந்த ஈரத் துணிகளுக்குக் கீழே அது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது, அதையும் கொடுக்கவில்லை. வேண்டாததைக் கையில் வைத்துக்கொண்டு, வேண்டியவருக்கு இல்லை என்று சொல்வதில் இந்த ஊருக்குத்தான் எவ்வளவு ருசி என்று நினைத்துக்கொண்டே அடுத்த படியில் கால் வைத்தவள், அந்த ருசி தன் நாக்குக்குப் பழகியதுதான் என்று தோன்றவும் செருப்பு இடறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசி வீடு தாளாளர் ராஜரத்தினத்தினுடையது. அங்கே கிட்டார் சாய்வு நாற்காலியில் இருந்தது. அதற்கு ஆறு பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். ஆசீரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். கிட்டார் வருகை ஐம்பதாம் நாள் விழாவுக்கு நோட்டீஸ் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ரூபாவதி நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். தாளாளர் கண்ணை மூடிக் கேட்டார். அவர் கண்ணை மூடினால் தர்மம் செய்யப்போகிறார் என்று அர்த்தம்.

"பாவம்" என்றார். "அந்தம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும்லா?"

"தெரியுங்க."

"அப்ப ஒரு சிலேட்டு குடுத்துவிடுதேன். நம்ம ஸ்கூல் பேரு போட்டது. வேணுங்கறதை எழுதிக் காட்டட்டும். ரெண்டு சிலேட்டாவே எடுத்துக்கோ."

உள்ளேயிருந்து சிலேட்டு வந்தது. ரூபாவதி அதை வாங்கவில்லை. அவள் நேரே சாய்வு நாற்காலியிடம் போனாள், குனிந்தாள். அத்தனை வீட்டிலும் வீட்டுக்காரர்களையே கேட்டோமே தவிர இதைக் கேட்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

"வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காரு" என்றாள் கிட்டாரிடம். "வீடு சின்னது. மழை பெஞ்சா ஒழுகும். வாறீங்களா?"

கிட்டார் எழுந்தது. ஆறு பொன்னாடையும் ஒவ்வொன்றாய் வழுக்கித் தரையில் விழுந்தன. அது நாற்காலியிலிருந்து இறங்கி, இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு என்று அவளுக்கு முன்னால் வாசலைத் தாண்டிவிட்டது.

"ஏட்டி, நில்லு!" என்று ஆசீர் கத்தினார். "நாளையிலேருந்து கடைப் பக்கம் வந்துராத!"

அவள் நிற்கவில்லை. பட்டப்பகலில் பஜார் வழியாக அவளும் கிட்டாரும் நடந்தார்கள். பின்னால் தாளாளர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார், அவருக்குப் பின்னால் ஆசீர், அவருக்குப் பின்னால் பங்கஜவல்லி, பிளாஸ்திரிப் பையன், நோட்டில் இருந்தவர்கள், நோட்டில் இல்லாதவர்கள், என்ன ஏது என்று தெரியாமல் கூட்டத்தைப் பார்த்ததும் டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தவர்கள். மேடு வந்த இடத்தில் கிட்டாருக்கு மூச்சு வாங்குவதுபோல் இருந்தது. அவள் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பத்தொன்பது வருஷம் துடைத்த பொருள்தான், ஆனால் இவ்வளவு கனமென்று அவளுக்குத் தெரியாது.

முத்துக்குட்டி அன்றைக்கு இரண்டாம் ஷிப்ட், வீட்டில் இருந்தார். வாசலில் கிட்டாரையும் அதன் பின்னால் ஊரையும் பார்த்தவர் ஊரை விட்டுவிட்டுக் கிட்டாரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார். கட்டில் முனையில் உட்கார்ந்து மடியில் எடுத்துவைத்து, ஒவ்வொரு கம்பியாகக் காதை வைத்து முறுக்க ஆரம்பித்தார். வெளியே தாளாளர் திருட்டு என்றார், பொதுச்சொத்து என்றார், ஐம்பதாம் நாள் விழா என்றார். உள்ளே முத்துக்குட்டி நாலாவது கம்பியில் இருந்தார். அவருக்கு அவசரமே இல்லை. ஜன்னல் நிறையத் தலைகள். கதவு நிறையத் தலைகள். செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த கைகள். கட்டிலில் சாய்ந்திருந்த செண்பகவல்லி வேர்த்து வழிந்துகொண்டு, கணவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் மீட்டினார். இரண்டு சுற்று வெறும் கம்பிதான் பேசியது. செண்பகவல்லியின் உதடு கோணி, நேராகி, மறுபடி கோணியது. மூன்றாவது சுற்றில், தொட்டில் ஆட்டுகிற மாதிரியான ஒரு மெதுவான மெட்டில், துருப்பிடித்த குரலில் அவள் பாடினாள்:

"வெக்கங்கெட்ட பயலுவளா... வெளிச்சத்தை மறிக்காதீங்க... காத்துக் கொஞ்சம் உள்ள வரட்டும்... கழுதைகளா தள்ளி நில்லுங்க..."

கூட்டம் மெய்மறந்தது. ஆகா என்றார்கள். தாளாளர் கழுதைகளா என்ற இடத்தில் சரியாகத் தலையை ஆட்டி, தொடையில் தாளம் போட்டார். பங்கஜவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செண்பகவல்லி இரண்டாவது தடவை அதையே இன்னும் அழுத்திப் பாடினாள், அவர்கள் கைதட்டினார்கள். ஒருத்தர்கூட நகரவில்லை. கடைசியில் தாளாளர் முன்னால் வந்து, இந்தக் கிட்டாரைத் தான் மனமுவந்து அன்பளிப்பாகக் கொடுத்திருப்பதாக அறிவித்து, எடுத்துவரச் சொல்லியிருந்த பொன்னாடைகளில் ஒன்றை முத்துக்குட்டிக்குப் போர்த்தி, போட்டோ எடுத்துக்கொண்டார். அதன் பிறகுதான் கலைந்தார்கள். போகிற வழியில், பாட்டு நல்லாத்தான் இருந்தது, ஆனால் வரி புரியவில்லை என்று பேசிக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்குள் காற்று வந்தது. ரூபாவதி மட்டும் சுவரோரம் நின்றாள். முத்துக்குட்டி பொன்னாடையால் நெற்றியைத் துடைத்துவிட்டு மறுபடி மீட்ட, செண்பகவல்லி அவளைப் பார்த்துப் பாடினாள்:

"நீ யாரும்மா... நீ போகலையா..."

கடையில் வேலை பார்க்கிறேன் என்று சொல்லலாம். கிட்டாரைக் கொண்டுவந்தது நான்தான் என்றும் சொல்லலாம், அதுவும் பொய்யில்லை.

"இல்லைன்னு சொன்னது நான்தாங்க" என்றாள் ரூபாவதி. "மூணு தடவை வந்து கேட்டாரு. அப்ப மாடியில நாப்பத்தொண்ணு இருந்துச்சு."

முத்துக்குட்டியின் கை நின்றது. மெட்டு நின்றதும் செண்பகவல்லியின் வார்த்தையும் நின்றது. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. கழுத்து நரம்பு புடைத்தது. நல்ல கை கட்டில் சட்டத்தை அடித்தது. அவர், "இருக்கட்டும் விடு, அதான் வந்துட்டுல்லா" என்று அவளை அமர்த்தப் பார்த்தார்.

"அண்ணாச்சி, வாசிங்க" என்றாள் ரூபாவதி. "அவங்க சொல்ல வேண்டியதைச் சொல்லட்டும்."

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கிட்டாரைச் சரியாக மடியில் இழுத்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். செண்பகவல்லி பாடினாள். இரண்டு மாதம் உள்ளே கிடந்ததெல்லாம் ஒன்றுவிடாமல் வந்தது. கணவர் வந்து சொல்லியிருந்த அந்த முக்காலியில் தொடங்கி, ரூபாவதி அவர் கையைப் பார்த்த பார்வை, தலையாட்டிய தினுசு, அவளைப் பெற்றவர்கள், வளர்த்தவர்கள் என்று அடி அடியாக ஏறிக்கொண்டே போனது. ரூபாவதி தரையைப் பார்க்கவில்லை, அழவுமில்லை. முகத்தை நேராக வைத்துக்கொண்டு கேட்டாள். நாலாவது சரணத்தின் நடுவில் ஒரு கம்பி சுருதி இறங்கியது. முத்துக்குட்டி வாசிப்பை நிறுத்தி, குனிந்து, அதை முறுக்கிச் சரிசெய்ய ஆரம்பித்தார். மீதியைக் கேட்பதற்காக ரூபாவதி அந்த இடத்திலேயே காத்து நின்றாள்.